வர்ஜீனியாவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் பர்மிட்: வாங்குவது, புதுப்பிப்பது, நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது

முதலில் உங்கள் கிரீன் கார்டையோ அமெரிக்க பாஸ்போர்ட்டையோ எடுத்து மேஜை மேல் வையுங்கள். இரண்டும் இல்லை, ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 என்று ஏதாவது ஒரு விசாவில் இருக்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிப்பது பொது அறிவுக்கு மட்டும்தான். வர்ஜீனியா சட்டம் இந்த பர்மிட்டைக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் தருகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் விலக்கு கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், அது உண்மையும்கூட, ஆனால் அந்த விலக்கை வைத்து இந்த பர்மிட்டை வாங்க முடியாது. ஊரிலிருந்து புதிதாக வந்த நண்பரை உற்சாகமாக ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் "ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்க" என்று நீட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

கார்டு இருக்கிறது, வயது 21 ஆகிவிட்டது, வசிப்பது வர்ஜீனியாவில். சரி, தொடரலாம்.

இந்த பர்மிட் எதற்கு என்பதிலேயே பலருக்குக் குழப்பம். துப்பாக்கி வாங்க இது தேவையில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளவும் தேவையில்லை. வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பதற்குக்கூட வர்ஜீனியாவில் பொதுவாக பர்மிட் கேட்க மாட்டார்கள் (நம் ஆட்கள் அப்படிப் போய் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது வேறு விஷயம்). சொந்த காரில் கிளவ் பாக்ஸ் மாதிரி மூடிய ஒன்றுக்குள் வைத்திருந்தாலும் போதும். ஆனால் சட்டைக்கு அடியில், ஜாக்கெட்டுக்குள், கைப்பைக்குள் என்று அடுத்தவர் கண்ணுக்குப் படாமல் உடம்போடு எடுத்துச் செல்கிறீர்களா, அப்போது பர்மிட் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே முதல் வகுப்புச் சிறுகுற்றம், 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். இரண்டாம் தடவை அது பெருங்குற்றமாகிவிடும்.

ஒரு சின்ன ஒப்பீடு சொல்கிறேன், ஊரில் தாத்தாவோ மாமாவோ லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே லைசென்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, அதன் எண் லைசென்ஸில் ஏறியிருக்கும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இங்கே பர்மிட் ஆளுக்குத்தான். எந்தத் துப்பாக்கி, எத்தனை என்று யாரும் அதில் எழுதுவதில்லை. அதைத் தருவதும் போலீஸோ கலெக்டரோ இல்லை. உங்கள் ஊருக்கான சர்க்யூட் கோர்ட்தான் தருகிறது.

யாருக்குக் கிடைக்காது என்ற பட்டியல் நீளம், சட்டத்தில் இருபது உட்பிரிவு அளவுக்குப் போகிறது. முழுவதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை, நம்மவர்கள் கேட்கும் நான்கைந்தை மட்டும் சொல்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகவோ பொது இடத்தில் குடிபோதையில் இருந்ததாகவோ கடந்த மூன்று ஆண்டுக்குள் தண்டனை பெற்றிருந்தால் கிடையாது. குடும்பத் தகராறில் கோர்ட் பாதுகாப்பு உத்தரவு போட்டு அது நடப்பில் இருந்தால் கிடையாது. ஐந்து ஆண்டுக்குள் இரண்டு சிறுகுற்றத் தண்டனைகள், அதில் ஒன்று முதல் வகுப்பு என்றால் கிடையாது. இந்தக் கடைசி வரியைப் படித்ததும் "ஐயோ, எனக்கு ரெக்லஸ் டிரைவிங் இருக்கே" என்று பாதிப் பேர் நெஞ்சில் கை வைப்பார்கள், ஏனென்றால் வர்ஜீனியாவில் 85 மைலுக்கு மேல் போனாலே அது வெறும் டிக்கெட் இல்லை, முதல் வகுப்புச் சிறுகுற்றம். பயப்பட வேண்டாம், மோட்டார் வாகனச் சட்டத் தலைப்பில் வரும் குற்றங்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

கஞ்சா விஷயம் வேறு. 2021 ஜூலை முதல் வர்ஜீனியாவில் 21 வயதானவர் கொஞ்சம் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் துப்பாக்கிக் கடையில் நிரப்பும் கூட்டரசு 4473 படிவத்தில், மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டரசுச் சட்டத்தில் அது சட்டவிரோதம்தான் என்று எச்சரிக்கையே அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். துப்பாக்கியைக் கையாளத் தெரியும் என்பதற்கு ஒரு சான்று வேண்டும். என்ஆர்ஏ அல்லது யுஎஸ்சிசிஏ என்ற துப்பாக்கிக்காரர் சங்கங்களின் வகுப்பு, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் நடத்தும் வகுப்பு, ராணுவப் பணி என்று பல வழிகள் உண்டு. முன்பு ஆன்லைனில் ஒரு வீடியோ பார்த்து, நான்கு கேள்விக்கு டிக் அடித்துச் சான்றிதழை அச்சிட்டுக்கொள்ளலாம். 2021 ஜனவரி 1 முதல் அது செல்லாது, நேரில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இன்னமும் "வர்ஜீனியா பர்மிட், வீட்டிலிருந்தே" என்று விளம்பரம் கண்ணில் பட்டால் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நான் போன வகுப்பு ஒரு சனிக்கிழமை காலை, துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத அறையில் நடந்தது. எட்டுப் பேர். மேஜையில் நீல நிற பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று, உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் வார்ப்பு. பயிற்சியாளர் அதை முதல் ஆளிடம் கொடுத்து "அடுத்தவருக்குக் கொடுங்கள்" என்றார், அவ்வளவுதான். எட்டுக் கை மாறித் திரும்பி வந்ததும் சொன்னார், உங்களில் ஆறு பேர் விரலை டிரிகர் மேல் வைத்துத்தான் வாங்கினீர்கள், நான்கு பேர் பக்கத்தில் இருப்பவரின் வயிற்றுக்கு நேராக நீட்டினீர்கள். அந்த ஆறிலும் நான் உண்டு, நான்கிலும் உண்டு. அன்று முழுக்கப் படித்த சட்டப் பிரிவுகளைவிட அந்த ஒரு நிமிடம்தான் இன்றும் கையில் இருக்கிறது.

சுட்டுக் காட்டித்தான் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வர்ஜீனியா சட்டம் சொல்லவில்லை. அதனால் வகுப்பறையோடு முடித்து அனுப்பிவிடும் வகுப்புகளும் இருக்கின்றன, விலையும் குறைவு. என்னைக் கேட்டால் ரேஞ்சில் நிறுத்திச் சுட வைக்கும் வகுப்பாகப் பாருங்கள். இதுவரை ஒரு தோட்டாகூடச் சுடாத ஒருவர் சட்டப்படி சட்டைக்குள் துப்பாக்கியோடு நடமாடலாம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

சான்றிதழில் ஒன்றைக் கவனியுங்கள், பெயர். நமக்கு இது எப்போதுமே தலைவலி. இனிஷியல் முன்னால் வரும், அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும், சிலருக்கு பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். எனக்குப் பயிற்சியாளர் பழக்கதோஷத்தில் இனிஷியலோடு சுருக்கி எழுதிவிட்டார், டிரைவர் லைசென்ஸில் இருப்பதோ அப்பா பெயரோடு சேர்த்து முழு நீளம். வகுப்பு முடிந்து காருக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், திரும்ப உள்ளே போய் வேறு எழுதி வாங்கினேன். டிரைவர் லைசென்ஸ், கிரீன் கார்டு, சான்றிதழ், விண்ணப்பம் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் பின்னால் நிம்மதி.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் எஸ்பி-248. மாநில போலீஸ் இணையதளத்தில் கிடைக்கும், கோர்ட் கிளார்க் அலுவலகத்திலும் கிடைக்கும். நிரப்புங்கள், ஆனால் கையெழுத்துப் போடாதீர்கள். உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டிய படிவம் அது, நோட்டரி முன்னாலோ கிளார்க் முன்னாலோதான் போட வேண்டும். வீட்டிலேயே அழகாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போய் மறுபடி முதலிலிருந்து நிரப்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். உள்ளே கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். பழைய வழக்கு, கைது, சிகிச்சை எதுவானாலும் சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் கேளுங்கள், ஏனென்றால் இதில் முக்கியமான ஒன்றைப் பொய்யாக எழுதினால் அது பொய்ச்சாட்சியக் குற்றம்.

எந்தக் கோர்ட்? நீங்கள் வசிக்கும் கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அல்லது சிட்டியின் சர்க்யூட் கோர்ட். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் வர்ஜீனியாவில் சிட்டி வேறு, கவுன்டி வேறு. சிட்டி எந்தக் கவுன்டிக்குள்ளும் அடங்காது. தபால் முகவரியோ இந்த எல்லையைக் கண்டுகொள்வதே இல்லை. என் வீட்டு முகவரி "அலெக்ஸாண்ட்ரியா" என்றுதான் இருக்கும், பத்து வருடமாக நானும் அலெக்ஸாண்ட்ரியாவில் இருப்பதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை நாள் லீவு போட்டு அலெக்ஸாண்ட்ரியா சிட்டி கோர்ட் வாசலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, நான் இருப்பது ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில். ஃபால்ஸ் சர்ச் முகவரிக்காரர்களுக்கும் இதே கதை உண்டு. சொத்து வரியோ கார் வரியோ யாருக்குக் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள், அதுதான் உங்கள் ஊர்.

கட்டணம் எவ்வளவானாலும் மொத்தம் 50 டாலரைத் தாண்டக் கூடாது. கிளார்க்குக்கு 10, உள்ளூர் போலீஸோ ஷெரிஃபோ பின்னணி பார்க்க 35 வரை, மாநில போலீஸுக்கு 5 வரை. சில ஊர்களில் இதைவிடக் குறைவு. கைரேகை கேட்பதில்லை. (வேறு மாநிலத்தில் வசித்துக்கொண்டு வர்ஜீனியா பர்மிட் கேட்பவர்களுக்குத்தான் கைரேகை, அவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் மாநில போலீஸுக்கு எழுத வேண்டும், கட்டணமும் 100 டாலர் வரை.) படிவம், சான்றிதழின் நகல், புகைப்பட அடையாள அட்டையின் நகல், பணம். அவ்வளவுதான் கட்டு.

முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கோர்ட் முடிவு செய்ய வேண்டும். செய்யவில்லையா, 45 நாள் கடந்துவிட்டது என்று கிளார்க் உங்கள் விண்ணப்பத்திலேயே சான்றளித்து நகலை அனுப்ப வேண்டும், அந்தக் காகிதமே 90 நாளுக்குத் தற்காலிக பர்மிட்டாகச் செல்லும். 2020-இல் கூட்டம் குவிந்தபோது அந்தக் காகிதத்தோடு சுற்றியவர்கள் உண்டு. மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்கள், 21 நாளுக்குள் நீதிபதி முன் வாய்மொழி விசாரணை கேட்கலாம். அதற்கு வக்கீலோடு போவது நல்லது.

பர்மிட் கார்டு வந்ததும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உங்கள் படம்கூட அதில் இருக்காது. பெயர், முகவரி, பிறந்த தேதி, உயரம், எடை, முடி நிறம், கண் நிறம், வழங்கிய தேதி, முடியும் தேதி. படம் இல்லாததால் தனியாக இது செல்லாது, அரசு அடையாள அட்டை ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் 25 டாலர் அபராதம். "ஆபீஸர், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று நாமாக முந்திச் சொல்ல வேண்டும் என்று வர்ஜீனியா சட்டம் சொல்லவில்லை, கேட்டால் போதும். நான் சொல்லிவிடுகிறேன். கை இரண்டும் ஸ்டீயரிங் மேல், உள் விளக்கைப் போட்டுவிட்டு, அமைதியாக.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். கார்டு வாங்குவதில் ஒன்றும் கஷ்டமில்லை என்று இதுவரை படித்ததிலேயே தெரிந்திருக்கும். அந்தக் கார்டு எங்கே செல்லாது என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள், அதுவும் நம்முடைய வழக்கமான சனி ஞாயிறு வாழ்க்கையில் அந்த இடங்கள்தான் அதிகம்.

தமிழ்ப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடத்தில் நடக்கிறது. பொங்கல் விழா, ஆண்டு விழா எல்லாம் ஏதோ ஒரு ஹைஸ்கூல் அரங்கத்தில். பள்ளிக் கட்டடமும் வளாகமும் சனிக்கிழமை என்பதால் பள்ளி இல்லை என்று ஆகிவிடாது. பர்மிட் இருந்தாலும் உள்ளே கொண்டுபோனால் பெருங்குற்றம். பர்மிட்காரருக்கு உள்ள சலுகை ஒன்றே ஒன்றுதான், பார்க்கிங்கிலோ பிள்ளையை இறக்கிவிடும் பாதையிலோ நீங்கள் காருக்குள் இருக்கும் வரை துப்பாக்கி கூட இருக்கலாம். "சும்மா கையைப் பிடிச்சு வகுப்பு வரை விட்டுட்டு வரேன்" என்று இறங்கினால் முடிந்தது. தமிழ்ப் பள்ளி இருக்கும் நாளில் நான் அதை வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுப்பதே இல்லை, அதுதான் சுலபம்.

அப்புறம் வடக்கு வர்ஜீனியாவின் டல்லஸ் (Dulles) விமான நிலையம். அம்மா அப்பா வருகிறார்கள், வருகை வாசலில் போய் நிற்கிறீர்கள். பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால்தானே என்று நினைக்காதீர்கள், வர்ஜீனியா சட்டம் டெர்மினல் கட்டடம் முழுவதையும் தடுக்கிறது, பர்மிட் அங்கே ஒன்றுக்கும் உதவாது. கோர்ட் கட்டடம், தபால் அலுவலகம் உள்ளிட்ட கூட்டரசுக் கட்டடங்களும் அப்படியே. பர்மிட்டைப் புதுப்பிக்கக் கோர்ட்டுக்குப் போகும்போது இடுப்பில் அதே துப்பாக்கியோடு போய் நிற்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பூங்காக்கள், சமூகக் கூடங்களில் 2020-க்குப் பிறகு ஊர் நிர்வாகங்களே தடை போடலாம், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டி அந்த ஆண்டே போட்டுவிட்டது. தனியார் இடத்தில் உரிமையாளர் வேண்டாம் என்று சொன்னாலோ பலகை வைத்திருந்தாலோ பர்மிட் அதை மீறாது. கோயிலுக்கும் அதேதான். பலகை இருக்கிறதா என்று தேடாமல் விட்டுவிட்டுப் போவதே மரியாதை என்பது என் கட்சி.

உணவகத்தில் மது விற்றாலும் உள்ளே போகலாம், ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு அங்கே ஒரு பியர்கூடக் குடிக்கக் கூடாது. பிறந்தநாள் பார்ட்டிக்குப் போகிறோமா, அன்று துப்பாக்கி வீட்டில்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது போடோமாக் நதி. வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் நமக்கு அது நதியே இல்லை, தினமும் தாண்டும் ஒரு பாலம். ஞாயிற்றுக்கிழமை லான்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகிறோம் என்றால் 495 பெல்ட்வேயில் ஏறி, பேசிக்கொண்டே பாலத்தைத் தாண்டி, மேரிலாந்துக்குள் போய்விடுவோம், யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். ஆனால் வர்ஜீனியா பர்மிட்டை மேரிலாந்து ஏற்பதில்லை. வாஷிங்டன் டிசியும் ஏற்பதில்லை. வர்ஜீனியாக் கரையிலேயே ஒரு கோடு, இந்தப் பக்கம் நீங்கள் சட்டப்படி நடப்பவர், அந்தப் பக்கம் கைத்துப்பாக்கிக் குற்றவாளி. எடிசனில் அக்கா வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நியூஜெர்சி இதில் மிகக் கடுமை, நியூயார்க்கும் ஏற்பதில்லை. இந்த மாநிலங்கள் வழியாகக் கடந்துபோக மட்டும் கூட்டரசுச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு, கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி எடுத்துச் செல்லக்கூடியவராக இருக்க வேண்டும், தோட்டா ஏற்றாமல், பூட்டிய பெட்டியில், எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அது வழிப்போக்கருக்கானது. கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கு அல்ல. தெற்கே போனால் கவலை குறைவு, வட கரோலினா எல்லா மாநில பர்மிட்டையும் ஏற்கிறது.

கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். குடிமகன் மேரிலாந்தில் மாட்டினால் அபராதமோ சிறையோ, வக்கீல் செலவோடு தீரும். குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனை பெறுவது என்பது தனியாகவே நாடு கடத்துவதற்கான காரணம். வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பதினைந்து வருடம் வரிசையில் நின்று வாங்கிய கார்டு, ஒரு பாலத்தில் மறதியாகப் போனதற்காகப் போய்விடலாம். நான் குடியுரிமை வாங்கும் வரை காரின் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் ஒட்டுச் சீட்டு வைத்திருந்தேன், அதில் "ஆறு" என்று ஒரே ஒரு வார்த்தை. மனைவி அதைப் பார்த்து என்ன கணக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்குள்ளும் ஒன்று. கணவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, மனைவிக்கோ வந்து தங்கியிருக்கும் தம்பிக்கோ இன்னும் விசாதான் என்ற வீடுகள் உண்டு. அவர்கள் கைக்கு எட்டும்படி துப்பாக்கி இருந்தால் அதையே அவர்கள் வைத்திருப்பதாகச் சொல்ல இடம் உண்டு. பூட்டுப் போட்ட பெட்டகம், எண் உங்களுக்கு மட்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சட்டமும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து வரும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பதைக் குற்றம் என்கிறது.

இனி புதுப்பிப்பது. பர்மிட் ஐந்து ஆண்டுக்கு. நினைவூட்டல் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

புதுப்பிப்பதும் அதே எஸ்பி-248 படிவம்தான், அதே கட்டணம், அதே நோட்டரி, அதே பின்னணிச் சோதனை. மாறுவது இரண்டு. நேரில் போக வேண்டாம், அடையாள அட்டையின் நகலோடு தபாலில் அனுப்பலாம். மறுபடி வகுப்புக்குப் போக வேண்டாம், ஒருமுறை காட்டிய பயிற்சிச் சான்று காலாவதி ஆகாது. பழைய பர்மிட்டின் நகலை நான் கூடவே வைத்து அனுப்பிவிடுவேன், கிளார்க்குக்குத் தேடும் வேலை மிச்சம்.

எப்போது அனுப்புவது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. முடியும் தேதிக்கு 180 நாளுக்கு மேல் முன்னதாகவும் போகக் கூடாது, 90 நாளுக்குக் குறைவாகவும் இருக்கக் கூடாது. இந்த இடைவெளிக்குள் விண்ணப்பம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், புதிய பர்மிட் பழையது முடியும் நாளில் தொடங்கும், ஒரு நாளும் வீணாகாது. உதாரணமாக உங்களுடையது அக்டோபர் 20-இல் முடிகிறது என்றால் ஏப்ரல் 23-இலிருந்து ஜூலை 22-க்குள். தபால் முத்திரை தேதி கணக்கில்லை, கோர்ட் கைக்குக் கிடைத்த தேதிதான் கணக்கு. ஜூலை 20-ஆம் தேதி தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இந்த இடைவெளியைத் தவறவிட்டால் புதுப்பிக்கவே முடியாது என்று அர்த்தமில்லை, தேதி ஒட்டி வரும் சலுகை போய்விடும். 45 நாளுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு அனுப்பினால் நடுவில் சில நாள் பர்மிட் இல்லாமல் இருக்க நேரிடலாம், அந்த நாட்களில் மறைத்து எடுத்துச் சென்றால் அது பர்மிட் இல்லாத குற்றம்தான், "அப்ளை பண்ணியிருக்கேன்" என்பது பதில் ஆகாது.

முதல்முறை புதுப்பித்தபோது நான் செய்த தவறு காசோலைத் தொகை. நண்பர் சொன்ன தொகையை எழுதி அனுப்பினேன், அவர் இருப்பது வேறு கவுன்டி. உறை அப்படியே திரும்பி வந்தது, நடுவில் பதினொரு நாள் போயிற்று. உங்கள் கோர்ட் எவ்வளவு வாங்குகிறது என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்து எழுதுங்கள். அதே நேரத்தில் சட்டம் ஏதாவது மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரிச்மண்டில் ஒவ்வொரு குளிர்காலமும் சட்டமன்றம் கூடுகிறது, அங்கே நிறைவேறுவது பெரும்பாலும் ஜூலை 1-இல் நடைமுறைக்கு வருகிறது, துப்பாக்கிச் சட்டத்தில் கை வைக்காத ஆண்டு குறைவு. நான் இங்கே எழுதிய எண்களையும் ஜூலை தாண்டினால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு தொலைந்துவிட்டால் நோட்டரி முன் கையெழுத்திட்ட ஒரு அறிக்கையோடு வழங்கிய கோர்ட்டுக்கே எழுதுங்கள், பத்து வேலை நாளுக்குள் மாற்றுக் கார்டு, கட்டணம் 5 டாலர் வரை. வீடு மாறினால் புதிய முகவரிக்கான சான்றைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம், அதற்கு 10 டாலருக்கு மேல் ஆகாது. வர்ஜீனியாவுக்குள்ளேயே ஆஷ்பர்னுக்கு மாறிவிட்டீர்கள் என்றால் அடுத்த புதுப்பித்தல் லவுடன் கவுன்டியின் லீஸ்பர்க் கோர்ட்டில், பழைய இடத்தில் இல்லை.

புதிய கார்டு வந்ததும் உறையைக் கிழித்த கையோடு பெயரின் எழுத்து, பிறந்த தேதி, முடியும் தேதி மூன்றையும் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே கிளார்க்கைக் கூப்பிடுங்கள். மற்ற விவரங்களைப் படிவத்தில் நீங்கள் எழுதியபடியேதான் அடிப்பார்கள். என் முதல் கார்டில் முடி நிறம் கறுப்பு. இரண்டாவது முறை நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது, மனைவி எட்டிப் பார்த்துவிட்டு "உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். நரை என்றே எழுதினேன்.